வெயிலும் மண்ணும் பிள்ளைகளுக்கே: டென்மார்க்கில் ஒரு மே மாதம்

கோபன்ஹேகன்: முற்றத்தில் உறங்கும் குழந்தை

மயிலாடுதுறையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் கிளம்பினோம். கோபன்ஹேகனில் இறங்கியபோது பன்னிரண்டு டிகிரி. தங்கையின் குடும்பம் நோரபுரோ பகுதியில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறது. வீட்டுக்குள் கால் வைத்ததும் ஏழு வயது மகள் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எங்க சித்தி?"

"கீழ தூங்குது" என்றாள் தங்கை.

சமையலறைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். நான்கு பக்கமும் கட்டடங்கள், நடுவே எல்லா வீட்டாருக்கும் பொதுவான முற்றம். பூத்திருந்த ஆப்பிள் மரத்தடியில் உயரமான சக்கரங்கள் வைத்த குழந்தை வண்டி நின்றது. எட்டு மாதக் குழந்தை அதற்குள் கம்பளிப் போர்வையில் உறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு வண்டிகள். குழந்தை சிணுங்கினால் வீட்டுக்குள் கேட்கும்படி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கருவி. குழந்தையைப் பகலில் வெளிக்காற்றில் தூங்க வைப்பது டென்மார்க் முழுவதும் உள்ள வழக்கம். குளிர்காலத்திலும் அப்படித்தான், போர்வைதான் கூடும். பேரக்குழந்தையின் காதுக்குள் காற்று போய்விடும் என்று பருத்தித் துணி சுற்றும் எங்கள் அம்மா, வீடியோ அழைப்பில் இந்த முற்றத்தைப் பார்த்தபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு குழந்தையின் சிவந்த கன்னத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

குழந்தையைத் தூக்கி வரக் கீழே போனவர் தங்கையின் கணவர். பொறியாளரான அவர் அப்போது குழந்தைக்கான விடுப்பில் இருந்தார். 2022 ஆகஸ்ட் முதல் அங்கே பிறக்கும் குழந்தைகளின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிறப்புக்குப் பின் 24 வாரம் விடுப்பு ஊதியத்துக்கு உரிமை உண்டு. பணியில் இருக்கும் பெற்றோர் அதில் 11 வாரத்தை மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. அப்பா எடுக்கவில்லை என்றால் அது வீணாகிவிடும். அதனால் காலை பத்து மணிக்குப் பூங்காக்களில் அப்பாக்கள் கூட்டம் கூட்டமாக வண்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள். தங்கையின் கணவருக்குத் தன் குழந்தையின் பசி அழுகைக்கும் தூக்க அழுகைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தது. அப்பா வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடும் வீடுகள்தான் நம் ஊரில் அதிகம்.

தெருவில் இறங்கினால் சைக்கிள்கள். முன்பக்கம் பெரிய மரப்பெட்டி பொருத்திய மூன்று சக்கர சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, காய்கறிப் பையையும் மடியில் கொடுத்து அம்மாக்கள் மிதித்துப் போகிறார்கள். சைக்கிள் பாதை கார் சாலையிலிருந்து ஒரு படி உயரத்தில் தனியாக ஓடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை தனிச் சைக்கிளில் அப்பாவின் வலப்பக்கம் ஒட்டி வருகிறது.

இது அவர்களுக்குப் பரம்பரையாக வாய்த்தது என்று நினைத்தால் தவறு. மேற்கு ஐரோப்பாவில் பிள்ளைகள் சாலையில் மிக அதிகமாக உயிரிழந்த நாடுகளில் ஒன்றாக 1970களில் டென்மார்க் இருந்தது. அங்கேயும் கார்கள் பெருகித் தெருக்களை விழுங்கின. மக்கள் சைக்கிள்களோடு வீதியில் திரண்டு போராடினார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளைகளைக் காப்பது சாலைத் துறையின், காவல் துறையின் கடமை என்று சட்டம் வந்தது. சைக்கிள் பாதைகளில் பல அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தவை.

ஃபேலெட் பூங்கா: ஐந்து கோபுரங்களும் ஒரு பாட்டியும்

ஃபேலெட் பூங்காவில் ஒரு குட்டி ஊரே இருக்கிறது. சிறு சாலைகள், சந்திப்புகள், போக்குவரத்துப் பலகைகள், எல்லாம் பிள்ளை அளவில். அங்கே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிச் சாலை விதிகளை விளையாட்டாகக் கற்கிறார்கள். வலது பக்கம் திரும்பக் கை காட்ட வேண்டும் என்பதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவளைவிடச் சின்னவனாக இருந்த ஒரு டேனிஷ் பையன். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அவன் கையை நீட்டினான், அவளும் நீட்டினாள், இருவரும் சேர்ந்து திரும்பினார்கள்.

அதே பூங்காவின் இன்னொரு பகுதியில் நகரத்தின் புகழ்பெற்ற ஐந்து கோபுரங்களை மரத்தில் சிறிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். வட்டக் கோபுரம், நகர மன்றம், பளிங்குத் தேவாலயத்தின் குவிமாடம், மீட்பர் தேவாலயத்தின் சுருள் கோபுரம், பழைய பங்குச் சந்தையின் நாக வால்கள் முறுக்கிய கூம்பு. எல்லாவற்றிலும் ஏறலாம், சறுக்கலாம், தொங்கலாம். உண்மையான பங்குச் சந்தைக் கூம்பு 2024 ஏப்ரல் 16 அன்று தீயில் சரிந்து விழுந்தது. அந்த வடிவத்தின் மேல் இன்றும் நான்கு வயதுப் பிள்ளைகள் கூச்சலிட்டு ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

மணல் பரப்பின் ஓரத்தில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் இந்தியாவோ?" யாழ்ப்பாணத்துக்காரர். 1980களில் கணவர் அகதியாக முதலில் வந்து சேர, இவர் பிள்ளையோடு ஊரில் காத்திருந்திருக்கிறார்.

அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் டென்மார்க்கின் அரசியல் வரலாறே இருக்கிறது. 1987 முதல் இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி மக்களை அழைத்துவரும் விண்ணப்பங்களை அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்தி வைத்தார். விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995-இல் அந்த முன்னாள் அமைச்சர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நான்கு மாதச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. 'தமிழர் வழக்கு' என்றே அது அங்கே அறியப்படுகிறது.

"என்ர மூத்தவன் தேப்பனைக் காணேக்க ஆறு வயசு. ஆரெண்டே தெரியேல்ல அவனுக்கு" என்றார். "இஞ்ச வந்த புதுசில பிள்ளையளை வெளியில விடவே பயம். காய்ச்சல் வந்திடும் எண்டு உள்ளுக்கயே வச்சிருந்தன். பள்ளிக்கூட ரீச்சர் ஒருநாள் வீட்ட வந்து மழை உடுப்பும் பூட்சும் தந்திட்டுப் போனா. அதுக்குப் பிறகு மழையெண்டாலும் பனியெண்டாலும் தேப்பனும் மகனும் வெளியிலதான். அப்பிடித்தான் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பழகினவை."

ஆறு வருடம் பார்க்காத தகப்பனும் மகனும் பந்து உதைத்து, பனியுருண்டை எறிந்து உறவை மீட்டுக்கொண்டார்கள். வெளியே சேர்ந்து விளையாடுவது குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பருத்தித்துறை வடையை என் பிள்ளைகள் மணல் கையாலேயே வாங்கித் தின்றார்கள்.

எம்ட்ரூப்: சுத்தியலும் ஆணியும்

நகரின் வடமேற்கே எம்ட்ரூப். குழந்தைகளைப் பற்றி யோசிக்கிற எவரும் ஒருமுறை போய் நிற்க வேண்டிய இடம் இது. சி. தே. சோரன்சன் என்ற பூங்காக் கலைஞர் தான் வடிவமைத்த விளையாட்டுத் திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் பலகைகளோடும் செங்கல்களோடும் பிள்ளைகள் ஆசையாக விளையாடுவதைக் கவனித்தார். பழைய பொருள்களை மட்டும் கொட்டிவைத்த திடல் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்று 1931-இல் எழுதினார். 1943-இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த நாளில், எம்ட்ரூப் குடியிருப்பில் அது நிறைவேறியது. உலகின் முதல் 'பழைய சாமான் விளையாட்டுத் திடல்' அதுதான். அதன் முதல் பொறுப்பாளர் ஜான் பெர்டெல்சன் கடலோடியாக இருந்து மழலையர் ஆசிரியரானவர். போர் முடிந்தபின் 1946-இல் இங்கே வந்து பார்த்த ஆங்கிலேயப் பெண்மணி லேடி ஆலன், குண்டு விழுந்து சிதைந்த லண்டன் மனைகளில் இதேபோன்ற திடல்கள் உருவாகக் காரணமானார்.

திடல் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் மேடும் மரமும். உள்ளே பிள்ளைகள் தாங்களே கட்டிய குடிசைகள், வண்ணம் பூசிய கதவுகள், கோழிகள். பத்து வயதுப் பெண் ஒருத்தி கூரை மேல் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கீழே நின்ற பெரியவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, எச்சரிக்கவும் இல்லை. அவள் கேட்டபோது மட்டும் பலகையை எடுத்துக் கொடுத்தார்.

என் மகளுக்கு ஒரு சுத்தியல் கிடைத்தது. முதல் ஆணி வளைந்தது. "பாத்து, பாத்து" என்று என் வாய்வரை வந்த சொல்லை நிறுத்தியது அந்தப் பெரியவரின் முகத்தில் இருந்த அமைதி. பிடியின் நுனியைப் பிடித்து அடிக்க வேண்டும் என்பதை மகள் பக்கத்துப் பையனைப் பார்த்துத் தானே கண்டுகொண்டாள். பிறகு இறங்கிய ஆணி ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள். பள்ளியில் வாங்கிய எந்த நட்சத்திரக் குறிக்கும் அவள் முகம் இப்படி மலர்ந்து நான் கண்டதில்லை.

ஹாரஸ்கோவன் காடு: கனலில் வெந்த ரொட்டி

கோபன்ஹேகனின் புறநகர் ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் ஹாரஸ்கோவன் காடு. மே மாதத்தில் பீச் மரங்கள் புதிதாகத் துளிர்த்திருக்கும். இலை அவ்வளவு மெல்லியது, வெயில் அதன் ஊடாகவே இறங்கி முழுக் காட்டையும் இளம்பச்சையாக்கிவிடுகிறது. அன்று தூறலும் இருந்தது. காட்டுப் பாதையில் எதிரே வந்தது ஒரு மழலையர் பள்ளி. தலை முதல் கால்வரை மழை உடை அணிந்த மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஓர் இழுவண்டி. காடே வகுப்பறையாகும் இந்தப் பள்ளிகள் டென்மார்க்கில் 1950களில் தொடங்கின. எல்லா ஃப்ளாட்டாவ் என்ற தாய் தன் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக் காட்டுக்கு அழைத்துப் போனதிலிருந்து அது வளர்ந்தது என்று சொல்கிறார்கள்.

பிள்ளைகள் ஒரு விழுந்த மரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறந்தார்கள். கம்பு மாவின் நிறத்தில் கறுத்த ரை ரொட்டி, அதன் மேல் ஈரல் பூச்சு, வெள்ளரித் துண்டு, கேரட். யாரும் ஊட்டிவிடவில்லை. ஒருவன் ரொட்டியைச் சேற்றில் போட்டான், எடுத்தான், துடைத்தான், தின்றான். ஆசிரியர் பார்த்தார், சிரித்தார், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பின் பூச்சி தேடும் வேலை. ஒரு மரப்பட்டையைத் தூக்கி அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, இருந்தபடியே மூடி வைத்தார்கள்.

இந்தக் காடுகளில் யாரும் பயன்படுத்தக்கூடிய தீ மூட்டும் இடங்கள் இருக்கின்றன. தங்கை வீட்டிலிருந்தே ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு கொண்டுவந்திருந்தாள். நீளமான குச்சியின் நுனியைச் சீவி, மாவைக் கயிறாகத் திரித்து அதில் சுற்றி, தணலுக்கு மேல் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுவாலையில் காட்டினால் வெளியே கரியும், உள்ளே பச்சையாக இருக்கும். பொறுமையாகத் தணலில் காட்டினால் பத்து நிமிடத்தில் பொன்னிறமாகும். குச்சியிலிருந்து உருவியெடுத்தால் நடுவில் குழல் போல் ஓட்டை. அதில் ஸ்ட்ராபெரி ஜாமை ஊற்றுவார்கள். நாங்கள் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடியையும் நெய்யையும் இட்டோம்.

நான்கு வயது மகன் முதலில் அவசரப்பட்டுக் கருக்கினான். இரண்டாவது ரொட்டியைச் சுடும்போது அவன் அசையாமல் உட்கார்ந்திருந்த நேரம் எனக்குப் புதிது. தட்டில் வைத்த சாப்பாட்டுக்குக் கைப்பேசி கேட்கிற பிள்ளை, தான் சுட்டதைக் கடைசித் துணுக்குவரை தின்றான். தூறலில் நனைந்தோம், புகை சட்டையில் ஏறியது. யாருக்கும் சளி பிடிக்கவில்லை.

டூரஹாவன்: மான்களும் ராட்டினங்களும்

கிளாம்பன்போர்க் நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. சிவப்பு வாயிலைத் தாண்டி உள்ளே போனால் டூரஹாவன். 1669-இல் மன்னர் மூன்றாம் ஃப்ரெடரிக் வேட்டைக்காக அடைத்த வனம் இது. இன்று பதினொரு சதுர கிலோமீட்டரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் திரிகின்றன. அரசரின் வேட்டைக்காடு பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது.

வேலியில்லாமல் ஐம்பது அடி தூரத்தில் மான் கூட்டம். குட்டி ஈனும் காலம் என்பதால் கிட்டே போகக் கூடாது. அங்குள்ள பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது. ஓடிவந்தவர்கள் தாங்களே நின்றார்கள், குரலைத் தாழ்த்தினார்கள். காட்டின் பழைய ஓக் மரங்களில் சிலவற்றுக்குள் ஓர் ஆள் நிற்கும் பொந்து. என் பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் புகுந்து பார்க்காமல் நகரவில்லை.

இந்த வனத்துக்குள்தான் பாக்கன் இருக்கிறது. 1583-இல் இங்கே ஊற்று ஒன்று கண்டறியப்பட்டு, அந்த நீருக்காக வந்த கூட்டத்தை நம்பிக் கூத்தாடிகளும் கடைக்காரர்களும் கூடியதில் தொடங்கியது. இன்றும் இயங்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களில் உலகிலேயே பழையது என்று கருதப்படுகிறது. உள்ளே போக நுழைவுச்சீட்டு கிடையாது. ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு. 1932-இல் கட்டிய மரத்தாலான உருளைத் தொடர் இன்னும் கடகடத்து ஓடுகிறது. திருவிழாவில் கோவிலைச் சுற்றிக் கடை போடும் நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகவே தோன்றாது.

மாலையில் எதிரே உள்ள பெல்வியூ கடற்கரை. நீலப் பட்டை போட்ட உயிர்காப்பாளர் கோபுரங்கள் 1930களில் ஆர்னே யாகப்சன் வடிவமைத்தவை. தண்ணீர் பனிக்கட்டியைத் தொட்டது போல் சில்லென்றிருந்தது. டேனிஷ் பிள்ளைகள் உடை களைந்து ஓடி விழுந்து அலறிக்கொண்டே எழுந்தார்கள். எங்கள் பிள்ளைகள் முழங்கால்வரை இறங்கினார்கள். இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருந்தது. ஆறு மாதம் இருட்டையும் குளிரையும் பார்க்கிற மக்கள் அந்த வெளிச்சத்தின் ஒரு துளியையும் வீட்டுக்குள் கழிக்க மனமில்லாமல் கரையெங்கும் குடும்பம் குடும்பமாக அமர்ந்திருந்தார்கள்.

ஹெல்சிங்கோர்: இரண்டு கோட்டைகள்

வடக்கே, சுவீடன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது ஹெல்சிங்கோர். நான்கு கிலோமீட்டர் அகல நீரிணை வழியே போகும் கப்பல்களிடம் சுங்கம் வசூலிக்க எழுந்த குரோன்போர்க் கோட்டை, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நடக்கும் களமாக உலகுக்குத் தெரியும். நிலவறையின் இருட்டில் ஹோல்கர் டான்ஸ்க என்ற வீரனின் உருவம் கையைக் கட்டி உறங்குகிறது. நாட்டுக்கு ஆபத்து வந்தால் விழித்தெழுவானாம். மகன் அதன் காலடியில் நின்று மெதுவாக, "எந்திரிச்சிடாத" என்றான்.

கோட்டை மதிலையும் கடலை நோக்கிய பீரங்கிகளையும் பார்த்ததும் மகள், "இது தரங்கம்பாடி மாதிரியே இருக்கு" என்றாள். அவள் கண் தவறவில்லை. 1618-இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட ஓவே கெட்டேயின் கப்பல்கள் 1620-இல் சோழமண்டலக் கரையை அடைந்தன. தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு எழுந்ததுதான் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டை. 1845-இல் டேனியர் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

கோட்டைக்கு வெளியே கூழாங்கல் கரையில் ஒரு குடும்பம் கல்லை நீர்மேல் தத்த விட்டு விளையாடியது. தாத்தா ஒருவர் தட்டையான கல்லைத் தேர்ந்தெடுத்து என் மகளிடம் நீட்டினார். தரங்கம்பாடிக் கரையில் ஞாயிறு மாலை நாங்கள் காணும் காட்சியும் இதுதானே. சுண்டல் பொட்டலம், மாங்காய்ப் பத்தை, மணல்வீடு, அலைக்குப் பயந்து அத்தையின் சேலையைப் பிடிக்கும் வாண்டுகள். அங்கே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் வேண்டியதில்லை.

மயிலாடுதுறை: திரும்பியபின்

டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் அறுபது லட்சம். செல்வ நாடு. அவர்களிடம் உள்ளதை எல்லாம் இங்கே கொண்டுவர இயலாது, தேவையும் இல்லை. அங்கே இல்லாத செல்வமும் நம்மிடம் உண்டு. தாத்தா பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு மாமி என்று பிள்ளைக்கு இங்கே எத்தனையோ மடி. குளிர்காலமே இல்லாத மாலைகள். காவிரிப் படித்துறை, கோவில் பிராகாரம், கடற்கரை.

ஆனால் ஒன்றை அவர்கள் தெளிவாக முடிவு செய்திருக்கிறார்கள். வெளியே விளையாடுவது பிள்ளையின் அன்றாடச் சோறு. விடுமுறைக்கு மட்டும் பரிமாறும் விருந்தாக அதை அவர்கள் வைக்கவில்லை. அதற்காகச் சட்டம் எழுதினார்கள், சாலையை மாற்றினார்கள், அப்பாக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போர்க்காலத்திலும் ஒரு மனையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினார்கள். நாமோ தெருவை வண்டிகளுக்கும் மாலையை டியூஷனுக்கும் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கைப்பேசியிடம் விட்டிருக்கிறோம்.

மாற்றுவதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. சென்னையிலும் கோவையிலும் ஞாயிறு காலைகளில் ஒரு சாலையை வாகனங்களுக்கு அடைத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டபோது கூட்டம் எப்படிப் பொங்கி வந்தது என்று பார்த்தோம். ஒரு தெருவார் சேர்ந்து பேசினால் தங்கள் தெருவில் மாலை ஒரு மணி நேரம் வண்டிகளை மெதுவாகப் போகச் செய்ய முடியும். வாரத்தில் இரண்டு மாலை டியூஷனை விட்டுவிட்டால் எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடாது. மண் பட்ட சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம்.

வேலையிலிருந்து சற்று முன்னதாக வர முடிகிற அப்பாக்கள் வாருங்கள், பிள்ளையோடு பந்து உதையுங்கள். உங்கள் பகுதியில் பூட்டிக் கிடக்கும் பூங்கா இருந்தால், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து போய்க் கேளுங்கள். பூட்டுத் திறக்கும்வரை கேளுங்கள்.